வைகை கடலைச் சேர்கிறதா?

தமிழகத்து ஆறுகளிலே கடலோடு பகைகொண்ட ஆறு என்று பெயர் வாங்கியது வைகை. பாற்கடலைக் கடைந்தபோது எழுந்த நஞ்சைச் சிவபெருமான் உண்ண நேர்ந்ததல்லவா? நஞ்சைத் தந்தது கடல். அந்தக் கடலின் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று சொக்கநாதரின் ஊர் வழியே வரும் வைகை இடையிலேயே நின்றுவிட்டதாம். இப்படிப் பொருள்படும் பழைய தனிப்பாடல் ஒன்றை நம் தமிழ்த்துறை ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கற்பனை அழகானதுதான். ஆனால், நாட்டு நலப்பணித் திட்ட முகாமின்போது ஒரு சிற்றூரின் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது, ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் விடவில்லை. "நின்னுருச்சுன்னா தண்ணியெல்லாம் எங்கிட்டுண்ணே போகும்?" என்றான்.

அந்தக் கேள்விக்கு ஒரே நாளில் விடை சொல்லி முடிக்க இயலவில்லை. முகாம் நடந்த நாட்களில் மாலைதோறும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னவற்றையே இங்கே தொகுத்து எழுதுகிறேன். சிறுவர்க்குச் சொன்னது கல்லூரி ஆண்டு மலருக்குப் பொருந்துமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் அறுபது பேரில் எத்தனை பேருக்குத் தம் ஊர்க் கண்மாயின் வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது என்று தெரியும்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்தபின் அவர் மறுப்புச் சொல்லவில்லை.

முதலில் ஓட்டு வீட்டை எடுத்துக்கொள்வோம். மழை பெய்கிறது. முகட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்த துளி நம் முற்றத்தில் சொட்டும். அந்தப் பக்கம் விழுந்த துளி கொல்லைப்புறத்தில் சொட்டும். இரண்டும் விழும்போது ஒரு சாண் இடைவெளிதான் இருந்திருக்கும். ஆனால் தரைக்கு வந்தபின் அவை சந்திப்பதே இல்லை. முற்றத்தில் வைத்த அண்டா நிரம்புவதற்கு எந்தெந்த ஓடுகளில் விழுந்த மழை காரணமோ, அந்த ஓடுகள் அனைத்தும் சேர்ந்தது அண்டாவின் நீர்ப்பிடிப்புப் பகுதி. நிலத்திலும் இப்படியே. அண்டாவுக்குப் பதில் கண்மாய், ஓடை, ஆறு. முகட்டுக்குப் பதில் மலைமுகடு அல்லது வெறும் மேடு. எவ்வளவு சிறிய ஓடையானாலும் அதற்கென்று ஒரு கூரை உண்டு.

பிள்ளைகளுக்குக் கணக்கும் பிடிக்கும். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. ஐம்பது சதுர மீட்டர்க் கூரையுள்ள சிறிய வீட்டின்மீது ஓராண்டில் விழுவது 40,000 லிட்டர். பதினைந்து லிட்டர்க் குடத்தால் அளந்தால் 2,600 குடங்களுக்கு மேல். ஓர் ஏக்கர் நிலத்தின்மீது விழுவதோ 32 லட்சம் லிட்டர். "அம்புட்டுத் தண்ணியா!" என்று வாய் பிளந்த பிள்ளைகளின் தாய்மார்கள் அன்றைக்கும் குடத்தோடு குழாயடியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த முரணைச் சிறுவர்களே கவனித்துவிட்டார்கள். இத்தனை மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில், அதுவும் சில நாட்களிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது என்பதுதான் விளக்கம். பெய்யும் சில நாட்களில் பிடித்து வைக்காவிட்டால் மற்ற மாதங்களில் குடம்தான் வரிசையில் நிற்கும்.

இனி வைகையின் கூரையைப் பார்ப்போம். தேனி மாவட்டத்து வருசநாட்டு மலைகளில் தோன்றி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை மாவட்டங்களைத் தொட்டு நம் மாவட்டத்துக்கு வரும் இந்த ஆற்றின் நீளம் 258 கிலோமீட்டர். இதன் நீர்ப்பிடிப்புப் பகுதி ஏறத்தாழ 7,000 சதுர கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டுக்குக் கிழக்கே விழும் மழை வைகைக்கு. மேற்கே விழுவது பெரியாற்றின் வழியே அரபிக் கடலுக்கு. இயற்கை வகுத்த பாகப்பிரிவினை இது. பென்னிகுக் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதில் கைவைத்தார். பெரியாற்றின் குறுக்கே அணை கட்டி, மலையைக் குடைந்து, மேற்கே போகவேண்டிய நீரைக் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்குக்குத் திருப்பினார். 1887-இல் தொடங்கிய வேலை 1895-இல் முடிந்தது. "வீட்டு முகட்டுல ஓட்டை போட்டு, பக்கத்து வீட்டுத் தண்ணிய நம்ம அண்டாவுல விழ வச்ச மாதிரி" என்று சொன்னதும் பிள்ளைகள் சிரித்தார்கள், ஒரு பெண் மட்டும், "பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வரலையா?" என்று கேட்டாள். அந்தச் சண்டை நாளிதழ்களில் இன்றும் வந்துகொண்டிருப்பதை நாம் அறிவோம். அதன்பின் 1959-இல் ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை திறக்கப்பட்டது. அணைநீரைப் பழைய ஆயக்கட்டுகளுக்குப் பகிரும்போது இராமநாதபுரத்துக்கு ஏழு பங்கு, சிவகங்கைக்கு மூன்று, மதுரைக்கு இரண்டு என்பது கணக்கு. கணக்கில் பெரிய பங்கு நமக்குத்தான். ஆனால் கடைசியில் இருப்பவனும் நாமே. பந்தியின் கடைசி இலைக்குப் பாயசம் வருவதற்குள் என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பந்தியின் கடைசியில் இருப்பதோடு நம் நிலத்துக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அது பலகைபோல் தட்டையானது. மதுரை நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நூற்றுப் பத்துக் கிலோமீட்டர் சாலைப் பயணத்தில் உள்ள இராமநாதபுரமோ கடல்மட்டத்துக்குச் சில மீட்டர்களே மேலே. அதாவது, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறக்கம் இல்லை. இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு மீட்டர் நீளப் பலகையை எடுத்து, ஒரு முனைக்கு அடியில் நாலைந்து அஞ்சல் அட்டைகளை அடுக்கி வைத்தேன். சுமார் ஒரு மில்லிமீட்டர் உயரம். அதன்மேல் விட்ட தண்ணீர் எந்தப் பக்கம் போவது என்று வெகுநேரம் யோசித்தது! நடுவில் ஒரு சிறுமி விரலை வைத்தாள். தண்ணீர் உடனே வேறு பக்கம் திரும்பியது. மலைநாட்டில் நீரின் பாதையை மாற்ற ஒரு பென்னிகுக் வேண்டும். நம் நாட்டிலோ ஒரு விரல் உயர வரப்புப் போதும். புதிதாகப் போட்ட சாலை, இருப்புப்பாதை மேடு, வீட்டுமனைக்குக் கொட்டிய செம்மண், இவையெல்லாம் இங்கே புதிய முகடுகள். குழாய் வைக்காமல் ஒரு பாதையை உயர்த்தினால், ஒரு கண்மாயின் கூரையில் பாதியை வெட்டி எடுத்துவிட்டதாகவே பொருள்.

இந்தத் தட்டை நிலத்தின் இயல்பை அறிந்துதான் முன்னோர் கண்மாய்களை அமைத்தனர். 'கண்வாய்' என்பதே 'கண்மாய்' ஆயிற்று என்பர். மேற்கே திறந்து, கிழக்கே பிறைநிலா வடிவில் கரை போட்டு, சரிந்து வரும் நீரைத் தாங்கிக்கொள்வது கண்மாய். நம் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை உள்ளன. அதன் உறுப்புகளைப் பிள்ளைகள் என்னைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். நீர் வந்துசேரும் வழி வரத்துக்கால். நீர் நிற்கும் பரப்பு உள்வாய். வயலுக்கு நீர் விடும் வழி மடை. மிகுந்த நீர் வழிந்து வெளியேறும் கல்கட்டு கலுங்கு. கலுங்கின்மேல் வரிசையாக நட்டிருக்கும் கற்கள் அழகுக்காக அல்ல. மழைக்காலத்தின் கடைசியில் அவற்றின் இடையே மண்ணும் புல்லும் வைத்து அடைத்தால் இன்னும் சிறிது நீரைக் கூடுதலாகத் தேக்கலாம். அடை மழையில் அதை எடுத்துவிடாவிட்டால் கரை உடையும். எப்போது வைப்பது, எப்போது எடுப்பது என்பது நீர்பாய்ச்சியின் பொறுப்பு.

பாண்டியர் காலத்துக் குமிழித்தூம்பு வேலைப்பாட்டை நாம் வரலாற்று வகுப்பில் படிக்கிறோம். கரையை விட்டு விலகிக் கண்மாயின் உள்ளே நிற்கும் இரு கல்தூண்கள். இடையில் ஒரு தொட்டி. தொட்டியின் மேல்துளை வழியே நீர் இறங்கும். அதற்கு நீரோடித் துளை என்று பெயர். கீழே உள்ள சேறோடித் துளை வழியே அடியில் கலங்கிய சேறும் நீரோடு சேர்ந்து வயலுக்கு ஓடிவிடும். ஆகவே நீர் பாய்ச்சும்போதே கண்மாய் தன்னைத்தானே ஓரளவு தூர்வாரிக்கொண்டது. வயலுக்கு வண்டலும் கிடைத்தது. பொறியியல் பட்டம் பெறாதவர்கள் செய்தது இது.

எனினும் தனிக் கண்மாயை மட்டும் பார்த்தால் விஷயம் புரியாது. மேலக் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அது கீழக் கண்மாயின் வரத்து. அதுவும் நிறைந்தால் அதற்கும் கீழே. மாலையில் கோத்த மணிகள்போல் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கின்றன. முகாமிட்ட ஊரின் நீர்பாய்ச்சித் தாத்தாவைப் பிள்ளைகள் பள்ளிக்கே அழைத்து வந்துவிட்டார்கள். "மேலக் கண்மாய்க் கலுங்குச் சத்தம் ராத்திரி காதுல விழுந்தா, மறுநாக் காலையில நான் மம்பட்டியோட வரத்துக்கால்ல நிப்பேன்யா. இப்பச் சத்தமும் கேக்கல, காலும் இல்ல" என்றார். கால் இல்லை என்று அவர் சொன்னதை மறுநாள் நேரிலேயே கண்டோம். பிள்ளைகளோடு வரத்துக்காலின் வழியே நடந்தோம். முதல் அரைக்கிலோமீட்டர் ஒழுங்காக இருந்தது. அதன்பின் சீமைக் கருவேலப் புதர். பிறகு ஓரிடத்தில் கால் ஒரு முழ அகலமாகச் சுருங்கி, இருபுறமும் உழுத நிலமாயிற்று. அதற்கு மேல் தேடியும் கிடைக்கவில்லை. வரைபடத்தில் இருக்கிறது, நிலத்தில் இல்லை.

சீமைக் கருவேலத்தைப் பற்றிப் பேசினால் நம் மாவட்டத்தில் இரண்டு கட்சி உண்டாகிவிடும். வெட்ட வேண்டும் என்பார் ஒரு கட்சி. வெட்டினால் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் என்ன செய்யும் என்பார் மற்றொரு கட்சி. 2017-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இது வழக்காகவும் நடந்து, ஊர் ஊராக வெட்டும் வேலையும் நடந்தது. மழை பொய்த்த ஆண்டில் நெல்லும் மிளகாயும் கைவிட்டபோது இந்த மரம்தான் அடுப்பெரித்தது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் பட்டா நிலத்தில் நிற்கும் மரம் வேறு, வரத்துக்காலுக்குள் நிற்கும் மரம் வேறு. வேரால் மண்ணைப் பிடித்து, முள்ளால் ஆளை விரட்டி, காலை ஆண்டுக்காண்டு மேடாக்குகிறது. இனிப்பான அதன் நெற்றை ஆடு தின்று, விதையைக் கண்மாய் முழுவதும் விதைத்துவிட்டும் போகிறது. கால்களையும் உள்வாயையுமாவது முதலில் விடுவிக்கவேண்டும் என்பதே என் கட்சி.

மற்றொரு காரணம் ஆற்றிலேயே இருக்கிறது. வைகையில் பல இடங்களில் மணல் அள்ளப்பட்டு ஆற்றின் மட்டம் தாழ்ந்துபோயிற்று. கால்வாயின் தலைமட்டமோ பழைய உயரத்திலேயே இருக்கிறது. ஆற்றில் நீர் வந்தாலும் கால்வாய்க்குள் ஏறாமல் கீழேயே ஓடிவிடுகிறது. வாசற்படி உயரத்திலும் தெரு பள்ளத்திலும் இருந்தால் தெருவில் ஓடும் நீர் வீட்டுக்குள் வருமா?

இத்தனை தடைகளையும் மீறி நல்ல மழை ஆண்டில் வைகை நீர், விரகனூர் மதகணையையும் பார்த்திபனூர் மதகணையையும் கடந்து இராமநாதபுரம் பெரிய கண்மாயை வந்தடைகிறது. இந்நகரின் பழம்பெயரான முகவைக்கே 'வைகையின் முகம்' என்று காரணம் சொல்வார்கள். தனிப்பாடலின் புலவர் கண்டதும் இதைத்தான் என்று நினைக்கிறேன். வழியெல்லாம் கால்களும் கண்மாய்களும் நீரைப் பிரித்துக்கொள்ள, மிச்சத்தைப் பெரிய கண்மாய் வாங்கிக்கொள்ள, கடலுக்குப் போக நீர் ஏது? வைகை கோபத்தால் நிற்கவில்லை. நாம் நிறுத்தியிருக்கிறோம்.

ஆனால் பெரிய கண்மாயும் நிறைந்தால்? உபரி நீர் கிழக்கே ஓடி, அழகன்குளத்தை அடுத்துப் பாக் நீரிணையில் கலக்கிறது. கலக்கும் இடத்தில் உள்ள கடற்கரைச் சிற்றூரின் பெயர் என்ன தெரியுமா என்று பிள்ளைகளைக் கேட்டேன். மீன் வாங்கப் போகும் தந்தையோடு அங்கே சென்றிருந்த ஒரு பையன் சொன்னான், "ஆற்றங்கரை!" கேள்விக்கு விடை அந்தப் பெயரிலேயே இருந்தது. ஆறே வராத இடத்துக்கு எவராவது ஆற்றங்கரை என்று பெயர் வைப்பார்களா?

அழகன்குளத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. தமிழக அரசின் தொல்லியல் துறை 1986 முதல் அங்கே பலமுறை அகழாய்வு செய்திருக்கிறது. உரோமானியக் காசுகளும், வெளிநாட்டுத் தொடர்பைக் காட்டும் பானை ஓடுகளும், கப்பல் உருவம் கீறிய ஓடு ஒன்றும் கிடைத்தன. வைகை கடலோடு சேரும் முகத்தில் ஒரு துறைமுகம் இருந்திருக்கிறது. மதுரையின் சரக்கு இந்தப் பக்கம் வந்து கப்பலேறியிருக்கிறது. பகையாளி வீட்டு வாசலில் கடை போடுவார் உண்டோ?

ஆற்றில் வெள்ளம் வந்து கடலில் கலக்கும் நாட்களில், "இத்தனை நீரும் வீணாகக் கடலில் கலக்கிறதே" என்று எல்லாரும் வருந்துகிறோம். எனக்கு இந்த வருத்தம் பாதிதான் உண்டு. கண்மாய்கள் நிறையாமல் நீர் கடலுக்குப் போவது வருந்தத்தக்கதே. நிறைந்தபின் போவது வீண் அன்று. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். ஆற்று நீர் கொண்டுவரும் வண்டலும் சத்தும் அங்கே சிற்றுயிர்களுக்கு உணவாகின்றன. கழிமுகத்தின் உப்புக் குறைந்த கலங்கல் நீரில் மடவைக் குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் பெரிய மீன்களுக்குத் தப்பி வளர்கின்றன. வளர்ந்தபின் கடலுக்குப் போகின்றன. ஆற்று நீர் வராத மாதங்களில் அலையடித்துச் சேர்க்கும் மணல் கழிமுகத்தின் வாயை அடைக்கப் பார்க்கும். வெள்ளம் வந்தால்தான் அந்த மணலைத் தள்ளி வழி திறக்கும். மேட்டில் உழவருக்குக் கலுங்கு எப்படியோ, கரையில் மீனவருக்குக் கழிமுகம் அப்படி.

ஆற்றை நம்பாமலே வாழும் ஊரும் நம் மாவட்டத்தில் இருக்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் நம்பவில்லை. இராமேசுவரம் தீவைச் சொன்னேன். அங்கே ஆறு இல்லை, சுற்றிலும் உப்புக்கடல். ஆனாலும் கோயிலுக்குள் உள்ள தீர்த்தக் கிணறுகளில் நல்ல நீர். மணலில் விழுந்த மழை அப்படியே உள்ளே இறங்கி, அடியில் உள்ள கடல்நீரின்மேல் எண்ணெய்போல் மிதந்து நிற்கிறது. நல்ல நீர் உப்பு நீரைவிட எடை குறைந்தது அல்லவா? கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல நீர் நின்றால், கீழே நாற்பது அடி வரை நல்ல நீர் இருக்கும் என்பது நிலநீர் அறிஞர் கண்ட விதி. திருப்பிச் சொன்னால், இயந்திரத்தால் உறிஞ்சி மேலே ஓர் அடியைக் குறைத்தால், கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறி வரும். கடலோர ஊர்களில் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மெல்ல மெல்ல மொண்டு குடத்தை நிரப்புவது ஏழ்மையால் மட்டும் அல்ல. அவசரப்பட்டால் ஊற்று உவர்த்துவிடும் என்பது அவர்கள் அறிந்த பாடம்.

முகாமின் கடைசி மாலையில் ஒரு கேள்வி கேட்டேன். "இன்னைக்கு நீங்க குடிச்ச தண்ணி எந்தக் கூரையில விழுந்த மழை?" பெரும்பாலோர் தம் கண்மாயைச் சொன்னார்கள், சிலர் வைகை என்றார்கள். குழாயில் வருவது காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்து நீர். கருநாடகத்துக் குடகு மலையின் கூரையில் விழுந்த மழையும் அதில் இருக்கிறது என்றதும் ஒரே வியப்பு. அவர்களின் ஊருணியில் ஒரு காலத்தில் குடிநீர் எடுத்தார்கள் என்பது நீர்பாய்ச்சித் தாத்தா சொல்லித்தான் அவர்களுக்குத் தெரியும். தொலைவிலிருந்து குழாய் வந்ததால் அருகில் இருந்த கூரையை மறந்தோம். குழாய் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோடையில் அதுவும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் வீட்டிலேயே தெரியும். ஆனால் ஒரு நாள் அந்தக் குழாய் உடைந்தால் ஊரில் எவர் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்பது?

2017-இல் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியது. பல கண்மாய்களில் கரை உயர்ந்தது, மடை புதிதாயிற்று; வண்டலை உழவர்கள் வயலுக்கு எடுத்துச் சென்றார்கள். நல்ல வேலையே. எனினும் அண்டாவைத் துலக்கி வைப்பதோடு நின்றுவிட்டால் போதாது. கூரையையும் ஓட்டையும் சீர்செய்ய வேண்டும். வரத்துக்கால் பல ஊர்களின் எல்லையைக் கடந்து வருகிறது. ஓர் ஊரார் தூர்வாரி, அடுத்த ஊரார் உழுதுவிட்டால் பயன் இல்லை. இதற்கு மேலூரும் கீழூரும் கூடிப் பேச வேண்டும். நம் மாணவர்கள் அடுத்த முகாமில் மரம் நடுவதோடு, ஒரு கண்மாயின் வரத்துக்காலைத் தலைமுதல் கடைவரை நடந்து, எங்கெங்கே அடைபட்டிருக்கிறது என்று குறித்து, இரண்டு ஊர் ஊராட்சிகளுக்கும் ஒரே வரைபடத்தைக் கொடுக்கலாம் என்று எண்ணுகிறேன். புவியியல் துறையில் இதற்கான கருவிகள் உள்ளன.

நீர் நின்றால் யார் வருவார்கள் என்பதற்கு நகரத்தை ஒட்டிய சக்கரக்கோட்டைக் கண்மாயே சாட்சி. அங்கும் தேர்த்தங்கல் கண்மாயிலும் நாட்டுக் கருவேல மரங்களில் கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்டுகின்றன; 2025-இல் இவ்விரண்டும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக, ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிக்கப்பட்டன. பேருந்தில் கல்லூரிக்கு வரும்போது மார்கழி, தை மாதங்களில் சன்னல் வழியே பார்த்தால் போதும். வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். கண்மாய் வற்றிய ஆண்டில் அவை வருவதில்லை.